மச்சானின் காரில் எரிந்த சிவப்பு விளக்கு

எங்கள் மச்சான் ஆதம்பாவா காரில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்து, சீற்றுக்கு அடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் ஓட்டுவார். கல்முனைச் சந்தியில் வாடகைக்குக் கார் வைத்து நிற்கும் மற்ற ஹயர்காரர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"ஆதம்பாவா, கை கால் கழுவி ஒளு எடுத்தாச்சா? பள்ளிக்குள்ள போற மாதிரியெல்லவா ஏறுறாய்!"

"செருப்போட ஓட்டினா காருட கதை காலுக்குக் கேக்காதுடா" என்பார் மச்சான். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த ஹயருக்கும் செருப்பைக் கழற்றித்தான் ஏறுவார்.

அவர் என் அக்கா, மூத்த ராத்தா ஹாஜறாவின் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். அப்படி இந்த நெடிய மனிதர் நிந்தவூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. மச்சான் என்றால் கேலி செய்யலாம் என்பது ஊர் தந்த உரிமை. நான் அதை வீணாக்கவில்லை. அவருடைய சாரனின் ஒரு வாயைத் தைத்து வைத்தேன். சட்டைப் பையில் ஓணானைப் போட்டேன். தேத்தண்ணீரில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேன். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "றாஹிலா, இன்னொரு கோப்பை தா மச்சி. இந்த முறை சீனியும் கொஞ்சம் போடு" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? பிறகு எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிவிட்டார்கள். அதனால் வேலை குறைந்து, அவர்மேல் செலுத்தக் கவனம் கூடிவிட்டது.

முதலில் அவர் நெல் ஆலை ஒன்றின் லொறி ஓட்டினவர். கார் வாங்கியது தொழில் ஆசையால் அல்ல.

எழுபத்தெட்டில் கிழக்கைச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் ராத்தாவுக்கு முதல் பிள்ளை. ஒப்பரேசன் தேவைப்படலாம், மட்டக்களப்புக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். வலி வந்ததும் ஊரில் கிடைத்த ஒரு வானைப் பிடித்தார்கள். காரைதீவு தாண்டும்போதே வானின் வெப்ப ஊசி சிவப்பில் போய் நின்றதாம். சாரதி பார்த்தார், பக்கத்திலிருந்த மச்சானும் பார்த்தார். "அது சும்மா, எப்பவும் அப்பிடித்தான்" என்று சாரதி சொன்னார். சும்மா இல்லை என்று லொறி ஓட்டுகிற மச்சானுக்குத் தெரியும். ஆனால் வண்டி வேறு ஆளுடையது, ராத்தா பின்னால் கிடந்து துடிக்கிறாள், நிற்பாட்டச் சொன்னால் நேரம் போய்விடும். அவர் வாயைத் திறக்கவில்லை. கல்லாற்றுப் பாலத்தடியில் வான் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்தா மட்டும்தான் மிஞ்சினாள்.

ஆண் பிள்ளை. வெள்ளைச் சீலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மச்சான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் நான் அவருடைய தேத்தண்ணீரில் ஒன்றும் போடவில்லை.

தன் பங்குக் காணியை விற்று அவர் இந்தக் காரை வாங்கினார். யப்பானில் யாரோ ஓடிக் களைத்து, கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்கள் முற்றத்துக்கு வந்த கார். முட்டைக்கோதின் நிறம். ராத்தா மீண்டும் பிள்ளைத்தாச்சியானபோது, எதற்காக வாங்கினார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மட்டக்களப்பு ஹயர் என்றால் வேறு யாருக்கும் விடமாட்டார். பாதையைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். எந்த மதகடியில் பள்ளம், எந்த ஊரில் மாடு குறுக்கே படுக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும்.

சாப்பிடும்போது ஒருநாள் எங்கள் தாயார் சல்மா உம்மாவிடம் சொன்னார்: "இந்த முறை ஒருத்தன்ட வண்டியிலயும் ஏத்தமாட்டன் மாமி. நான்தான் கொண்டு போவன்."

"இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லுங்க மருமகன்" என்றார் உம்மா. எந்தப் பேச்சிலும் அவருக்கு ஒரு திருத்தம் இருக்கும்.

காரின் முன்பலகையில், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. அதன்மேல் மூன்று யப்பான் எழுத்து. கூரை வேயக் கம்பு அடுக்கினதுபோல். சாவியைத் திருப்பினால் ஒருதரம் மினுங்கி அணையும். "ஸலாம் சொல்லுது" என்பார் மச்சான். பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி காரில் ஏறினால் இறங்கும்வரை வாய் மூடமாட்டார். 'பின்னாலிருந்து கதைக்கக் கூடாது' என்றுதான் அதில் எழுதியிருக்கிறது என்று நான் சொல்லி வைத்தேன். மாமி கல்முனை வரை மூச்சுக்கூட மெல்லத்தான் விட்டார். மச்சான் அன்று பின்னேரம் எனக்குக் கச்சான் கடலை வாங்கி வந்தார். 

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் நடுவே ரோட்டின் இரண்டு பக்கமும் வயல். பெரும்போக அறுவடையில், வெட்டின வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்க ஏழைப் பெண்கள் வருவார்கள். பொறுக்கிய கதிரைச் சூடு மிதிக்க அவர்களிடம் மாடு ஏது, உழவு மெசின் ஏது? தார் ரோட்டில் பரப்பிவிட்டு ஓரத்தில் குந்தியிருப்பார்கள். போகிற வருகிற வண்டிகளின் சில்லுகள் ஏறி நெல் உதிரும். பஸ் பறந்து போகும். பாதிக் கதிரும் அதோடு பறக்கும். சில சாரதிகள் வேண்டுமென்றே ஒதுங்கிப் போவார்கள்.

மச்சான் மட்டும் காரை மெல்ல ஏற்றுவார். பிறகு பின்னுக்கு எடுப்பார். அவர்கள் நெல் தாளைப் புரட்டிப் போடும்வரை நின்று, மறுபடி ஏற்றி, மறுபடி பின்னுக்கு எடுப்பார். ஹயர் முடிந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பின்னேரமும் இதுதான்.

அங்கே வழக்கமாக இருப்பவர் காரைதீவுச் சிவக்கொழுந்து அக்கா. கணவன் இல்லாதவர். கார் நின்றதும் சுளகோடு எழும்பி வருவார்.

"மனே, பெஞ்சாதிக்கு இப்ப எத்தின மாசம்?"

"ஏழு முடியப்போகுது அக்கா."

"கண்ணகை அம்மாள் கண் தொறப்பா மனே. ஒரு குறையும் வராது."

"ஆமீன்" என்பார் மச்சான், யோசிக்காமல். ஒருநாள் கூடப் போயிருந்த நான் இதை வீட்டில் நடித்துக் காட்டினேன். ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உம்மா மட்டும், "துஆ யாரு கேட்டாலும் துஆதான், வாய மூடுகா" என்றார்.

அந்த அறுவடையில்தான் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. மட்டக்களப்பு ஹயர் ஒன்றில், களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட. ஸலாம் சொல்லி அணைகிற விளக்கு, நட்டநடு ஓட்டத்தில் எரிந்தது. மச்சான் உடனே ஓரங்கட்டினார். றேடியேற்றரில் தண்ணீர் சரி. ஒயில் சரி. வெப்ப ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று ஆறினதும் விளக்கு அணைந்தது.

இரண்டாவது முறையும் அப்படியே. ஊருக்குள் கிட்டத்து ஓட்டத்தில் எரியாது. தூரம் போனால்தான் எரியும். அதுவும் மட்டக்களப்புப் பாதையில்.

கல்முனைச் சந்தி முழுக்க வைத்தியர்கள். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். பற்றரி பழுது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சுருக்கமாகச் சொன்னார்: "பல்பக் கழட்டி எறிங்க. வேல முடிஞ்சி."

"அழுற புள்ளைக்கு வாயப் பொத்தினா வயித்துக்குத்து நின்டுருமா?" என்று கேட்டார் மச்சான்.

வீட்டில் அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கோப்பைக்குள் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கறி ஊற்றவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. ராத்தாவின் நாள் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

காரைதீவிலிருந்து தம்பிமுத்து அண்ணன் வந்தார். மாமரத்தடியில் கராஜ் வைத்திருப்பவர். யப்பான் காருக்கு நல்ல கைராசி என்று பேர். பிழையைத் தேடும்போது காரைத் திட்டுவார். கண்டுபிடித்தால் தடவிக் கொடுப்பார். முன்பலகையைக் கழற்றி, விளக்கின் பின்னாலிருந்து போகும் வயரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். அது முன்சீற்றின் விரிப்புக்கு அடியால் போய், தரையில் ஒரு ஓட்டைக்குள் இறங்கியது. மச்சானும் அவரும் காருக்கு அடியில் மறைந்தார்கள். அண்ணனுக்கு நாங்கள் சொல்லும் 'நானா'வைத்தான் தம்பிமுத்து அண்ணனும் மச்சானுக்குச் சொல்வார்.

"நானா, இஞ்ச பாருங்க. சைலன்சருக்கு முன்னால இன்னொரு முட்டி இரிக்கி. வயர் இதுக்குள்ளதான் போகுது."

புகைக்குழாயின் நடுவில், பலாக்கொட்டை விழுங்கின பாம்புபோல் ஒரு வீங்கின பெட்டி. அதில் விரலளவில் ஒரு சுவிச்சு திருகியிருந்தது. அதைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். அது எதை அறிகிற சுவிச்சு என்று தெரிய வேண்டும். நனைத்துப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தகர வேலைக்காரர் ஒருவரிடம் ஊதுவிளக்கு இரவல் வாங்கி, நுனியைச் சுட்டுப் பார்ப்பதென்று முடிவானது. உள்ளே விளக்கைப் பார்த்துச் சொல்ல என்னைச் சாரதி சீற்றில் இருத்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவை அந்த சீற். நானும் செருப்பைக் கழற்றித்தான் ஏறினேன்.

"எரியிது! எரியிது!" என்று கத்தினேன்.

"நான் இன்னம் நெருப்பே பத்த வைக்கல்லியே புள்ள!" என்றார் தம்பிமுத்து அண்ணன், அடியிலிருந்து.

உண்மையாக எரிந்தபோது நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மச்சான் எழும்பி வந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். நுனி செக்கச் சிவக்கப் பழுத்திருந்தது. முன்பலகையில் விளக்கும் எரிந்தது. ஆறவிட்டதும் அணைந்தது. மறுபடி சுட்டார்கள், மறுபடி எரிந்தது.

"சுவிச்சும் சரி, வயரும் சரி" என்றார் தம்பிமுத்து அண்ணன். "இது பொய் சொல்லல்ல நானா. அந்தப் பெட்டி எங்கயோ கடுஞ்சூடாகுது. அதத்தான் சொல்லுது."

அந்தப் பெட்டி எதற்கு என்று அவர் கொழும்பில் உதிரிப்பாகக் கடையில் நிற்கும் தன் மச்சினனிடம் கேட்டனுப்பினார். பதில் வந்தது: எஞ்சினில் எரியாமல் மிஞ்சிப் புகையோடு போகும் பெற்றோலை அந்தப் பெட்டிக்குள் வைத்து இன்னொருதரம் எரிக்கிறார்களாம், யப்பானில் சனங்கள் சுவாசிக்கிற காற்று கெட்டுப்போகக் கூடாது என்று.

அடுப்படியில் ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்த உம்மா கண்ணைத் துடைத்தபடி கேட்டார்: "புகைக்குப் போய் இவ்வளவு மினக்கேடா?"

எரியாத பெற்றோல் கூடினால் பெட்டி சூடாகும். அப்படியென்றால் எஞ்சினில் ஏதோ ஒரு பிளக் ஒழுங்காக நெருப்புத் தரவில்லை. தம்பிமுத்து அண்ணன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். ஒன்று கரிபிடித்து ஈரமாக இருந்தது. "இந்தா, கள்ளனப் புடிச்சாச்சி!" என்று காரின் முதுகில் தட்டினார். புதுப் பிளக் போட்டார்கள். மச்சான் அன்று கறி ஊற்றிச் சாப்பிட்டார். அடுத்து வந்த ஹயர்களில் விளக்கு ஸலாம் சொன்னதோடு சரி.

ராத்தாவை மட்டக்களப்பு கிளினிக்குக்குக் கொண்டுபோன நாள் வந்தது. பின்சீற் குலுக்குகிறது என்று அவள் முன்னால் மச்சானுக்குப் பக்கத்தில் இருந்தாள். நானும் உம்மாவும் பின்னால். ராத்தாவுக்கு அந்த மாதங்களில் மூக்கு மட்டும் தனியாக வளர்ந்திருந்தது. முன்வீட்டில் மீன் கழுவினால் எங்கள் வீட்டில் ஓங்காளிப்பாள். என் தலை எண்ணெய்க்கும் ஓங்காளிப்பாள். கல்லாற்றுப் பாலம் தாண்டினதும் அவள் முகத்தைச் சுளித்தாள்.

"வைக்கல் கருகிற மணமா இரிக்கி."

"அல்லாஹ்வே, தொடங்கிட்டாள்" என்றார் உம்மா. "நேத்து ஒலுவில் ஊருக் கருவாடு இஞ்ச மணக்கிதெண்டவள் இவள்."

"கடலுக்கு அங்கால யாரும் வைக்கல் கொழுத்தியிருப்பாங்க ராத்தா" என்றேன் நான்.

நானும் உம்மாவும் சிரித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தது.

மச்சான் சிரிக்கவில்லை. காரை மணல் ஓரத்தில் இறக்கி நிற்பாட்டினார். "எப்பிடி மணம் புள்ள? பெற்றோல் மணமா?" என்று ராத்தாவிடம் கேட்டார்.

"இல்ல. வைக்கல். களத்தில வைக்கல் கொழுத்தின மாதிரி."

எல்லோரையும் இறக்கி, ஒரு பூவரச மரத்து நிழலுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மணலில் மல்லாந்து காருக்கு அடியில் போனார். இருமல் சத்தம் வந்தது. பிறகு ஒரு கை வெளியே வந்தது. கை நிறைய வைக்கோல். ஓரமெல்லாம் கருகி, நடுவில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாக என்னவோ. கிட்டப் போய்ப் பார்த்தேன். பொரி. கதிரில் தங்கியிருந்த நெல், காருக்கு அடியிலேயே பொரிந்திருந்தது. நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

"துப்புகா பிசாசே!" என்றார் உம்மா.

மச்சான் இன்னும் இன்னும் இழுத்தெடுத்தார். ஒரு கோழிக்கூடு அளவுக்கு வந்தது. பிறகு முன்சீற்றின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். ராத்தாவின் கால் இருந்த இடத்துக்கு நேர் கீழே விரிப்பின் அடி தவிட்டு நிறமாகக் கருகியிருந்தது. அவர் விரிப்பைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் அடுப்புக்கு மேலயெல்லவா இவள இருத்திக் கொண்டு வந்திரிக்கன்."

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார் உம்மா.

"ஓம் மாமி. இவள்ட மூக்கும் காப்பாத்திச்சி."

வேறு வழியில்லாமல் மச்சான் மறித்துக் கொடுத்த காரில் நாங்கள் கிளினிக்குக்குப் போய்வந்தோம். மச்சான் அங்கேயே நின்று, வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கி ஊற்றினார். திரும்பும்போது ஊர்ந்து ஊர்ந்து வந்து காரைதீவில் தம்பிமுத்து அண்ணனின் மாமரத்தடியில் நிற்பாட்டினோம். அவர் அடியில் போய் வெகு நேரம் வரவே இல்லை. வெளியே வந்தபோது காரைத் திட்டவுமில்லை, தடவவுமில்லை. மச்சானைப் பார்த்தார்.

"நானா, பெட்டிக்குக் கீழ சூடு படாம ஒரு தகரம் வச்சிரிக்கான். அது பின்பக்கம் சுளகு மாதிரித் தொறந்து கெடக்கு. நீங்க முன்னுக்கு ஓடினா ஒண்டும் ஏறாது. வைக்கலுக்கு மேல பின்னுக்கு எடுத்தா அப்பிடியே அள்ளும். வைக்கலுக்கு மேல எதுக்கு நீங்க பின்னுக்கு எடுக்கிற?"

மச்சானை முந்திக்கொண்டு, ரோட்டில் பரப்பும் கதிரின் கதையை நான் சொன்னேன்.

தம்பிமுத்து அண்ணன் தலையைச் சொறிந்தார். "யப்பான்காரன் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சிரிக்கான். இத மட்டும் அவனால யோசிச்சிரிக்க ஏலாது."

தகரத்தைக் கழற்றிக் கழுவி, கம்பி வலை ஒன்றை அதன் திறந்த வாயில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஆனாலும் வைக்கோலில் ஏற வேண்டாம் என்றார். வெளிச்சம் சாயும் நேரம் நாங்கள் வீட்டுக்குப் புறப்பட்டோம். வயல்வெளி வந்தது. சிவக்கொழுந்து அக்கா கதிரைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். முட்டைக்கோது நிறத்தைத் தூரத்திலேயே கண்டு எழும்பிவிட்டார்.

"வா மனே, ஏத்து ஏத்து! இண்டைக்குக் கொஞ்சம் கூடப் பொறுக்கியிரிக்கன்."

மச்சான் வைக்கோலுக்கு முன்னாலேயே நிற்பாட்டினார். இறங்கினார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தோளைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார். சிவக்கொழுந்து அக்காவின் கையிலிருந்த சுளகு தாழ்ந்தது.

"ஐயோ மனே! என்ட கதிரா ஒன்ட பெஞ்சாதிட காலுக்குக் கீழ நெருப்பு வச்ச?"

"ஒங்கட பிழை இல்ல அக்கா. யார்ர பிழையும் இல்ல."

"நான் ஒவ்வொரு நாளும் அந்தப் புள்ளைக்காக அம்மாளக் கும்பிட்டனே…" அவர் முன்னால் வந்து, கார் யன்னலால் ராத்தாவைப் பார்த்தார். தொடக் கையை நீட்டி, சேறு என்று கண்டு, இழுத்துக்கொண்டார். ராத்தா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"ஒண்டும் ஆகல்ல அக்கா. நல்லா இரிக்கன்."

சிவக்கொழுந்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரை அள்ளக் குனிந்தார். மச்சான் தடுத்தார். "பொறுங்க" என்று, செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக் கதிரின்மேல் ஏறி மிதிக்கத் தொடங்கினார். கால் பெரிய கால்தான். ஆனாலும் மாடு மாடுதான், மனிதன் மனிதன்தான். நானும் இறங்கிப் போய் மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் உம்மாவும், "இப்பிடி மிதிச்சா விடியும்" என்று சொல்லிக்கொண்டே முக்காட்டைச் செருகிக்கொண்டு வந்தார். ராத்தா காருக்குள் இருந்தே, "அந்த மூலை, அந்த மூலை விட்டுட்டீங்க" என்று உத்தரவு போட்டாள். பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. யன்னல் நிறையத் தலைகள்.

மறுநாள் மச்சான் ஒரு உழவு மெசின்காரரைப் பிடித்துப் பேசினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அந்த மெசின் அந்தப் பெண்களுடைய கதிரில் ஏறி இறங்கிப் போனது.

அறுவடை முடிகிற தறுவாயில், ஒரு காலை, ராத்தாவுக்கு வலி வந்தது. மச்சான் காருக்கு அடியில் ஒருமுறை படுத்தெழும்பிவிட்டுத்தான் சாவியைப் போட்டார். விளக்கு மினுங்கி அணைந்தது. ராத்தா பின்சீற்றில் உம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். நான் முன்னால்.

வயல்வெளிக்கு வந்தோம். கடைசி நாட்கள் என்பதால் அன்று காலையிலேயே எல்லாப் பெண்களும் வந்திருந்தார்கள். ரோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வைக்கோல். ஒதுங்கிப் போக இடமில்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால். மச்சான் நிற்பாட்டினார். 

சிவக்கொழுந்து அக்கா காரைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். 

"கதிர அள்ளுங்கடி! கதிர அள்ளுங்க! ஆதம்பாவாட பெஞ்சாதி போறா!"

பெண்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். கையால், சுளகால், சேலைத் தலைப்பால் அள்ளினார்கள். பொறுக்கிச் சேர்த்த கதிர் வாய்க்காலில் விழுவதைக்கூடப் பார்க்கவில்லை. கார் போகிற அகலத்துக்குத் தார் தெரிந்தது. சிவக்கொழுந்து அக்கா காருக்கு முன்னால் குனிந்தபடி ஓடினார். மிச்சம் கிடந்த தாள் ஒவ்வொன்றையும் காலால் ஒதுக்கிக்கொண்டே ஓடினார். மச்சான் அவருக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஓட்டினார். வயல்வெளி முடிந்ததும் அக்கா ஓரத்தில் ஒதுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கையை ஆட்டினார்: போ, போ.

அதற்குப் பிறகு மச்சான் ரோட்டைப் பார்த்ததைவிட விளக்கைப் பார்த்ததுதான் கூட.

"ரோட்டப் பாருங்க" என்றாள் ராத்தா, பல்லைக் கடித்துக்கொண்டு. "விளக்க றாஹிலா பாப்பாள்."

நான் பார்த்தேன். கண் இமைக்காமல் பார்த்தேன். கல்முனை போனது, மருதமுனை போனது. கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது மச்சானின் உதடு அசைந்தது. என்ன ஓதினார் என்று தெரியாது. பாலம் முடிந்தது.

"இல்ல மச்சான்" என்றேன். "எரியல்ல."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பினார்.

களுவாஞ்சிக்குடியில் சொன்னேன், காத்தான்குடியில் சொன்னேன், கல்லடிப் பாலத்தில் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்து ராத்தாவை ஏற்றிக்கொண்டு போனது. உம்மா பின்னால் ஓடினார். மச்சான் இரண்டு கையையும் ஸ்டேரிங்கில் வைத்தபடி இருந்தார். இறங்கச் சொன்னேன். சீற்றுக்கு அடியில் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஒப்பரேசன்தான் செய்தார்கள். பெண் பிள்ளை.

பார்வையாளர் நேரத்தில் மச்சானை உள்ளே விட்டார்கள். முகம் கழுவி, ஒளுச் செய்து, தலையில் தொப்பியோடு வந்தார். உம்மா பிள்ளையை அவர் கையில் கொடுத்தார். பிறந்த பிள்ளையின் காதில் வாப்பாதான் பாங்கை, தொழுகைக்கு அழைக்கும் வரிகளைச் சொல்ல வேண்டும். அவர் குனிந்தார்.   ஏதோ முணுமுணுப்பு மட்டும் வந்தது.

ராத்தா கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"என்ன, களவாவா சொல்றீங்க? அவளுக்குக் கேக்கட்டும். சத்தமாச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், பால் குடிக்கும் தன் பிள்ளையைத் தட்டுவதை நிற்பாட்டினாள். மச்சான் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி, வலது காதோடு வாயை வைத்துச் சொல்லத் தொடங்கினார். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவது வரியில் பிடித்துக்கொண்டது. நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.